ஸ்கேனில் தெரியாத வலி

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த உடல்நல அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் நம் உறுப்பினர் ஒருவரின் மகள். இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி படித்தவர்.)



சாப்பிட்டவுடனே பேச விட்டிருக்கீங்க. கண்ணு சொக்கும். அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன். இன்னைக்கு நான் பேசப்போறது அடிவயிற்று வலியைப் பத்தி. மாசக்கணக்கா, வருஷக்கணக்கா விடாம இருக்கிற வலி. ஆம்பளைங்க இருக்கிற இடத்துல நாம வாய் திறக்காத வலி. நல்லவேளை, பந்தல் போட்ட அண்ணன்மார் சாப்பிடப் போயிட்டாங்க. தாராளமாப் பேசலாம்.

முதல்ல ஒரு கடன் கணக்கு சொல்றேன். நான் பதினொன்றாம் வகுப்பு படிச்சப்ப எங்க அம்மா குழுவில் முப்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கினாங்க. ஆடு வாங்க இல்ல, மாடு வாங்க இல்ல. கர்ப்பப்பையை எடுக்க. அப்போ அம்மாவுக்கு முப்பத்தொன்பது வயசு. நாலு வருஷமா அடிவயிறு வலி. நாத்து நடக் குனிஞ்சா நிமிர முடியாது. பஸ்ஸுல ஒரு பள்ளத்துல ஏறி இறங்கினா உயிர் போகும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு, "புள்ளைங்கதான் பெத்தாச்சே, எடுத்துட்டா வலி போயிடும்"னு சொன்னாங்க. எதனால வலி வருதுன்னு யாரும் சொல்லலை. நாங்களும் கேட்கலை. எடுத்தாச்சு.

வலி போகலை.

மூணு மாசம் புண்ணு ஆறுற வலின்னு நினைச்சோம். ஆறு மாசம் ஆச்சு, ஒரு வருஷம் ஆச்சு. மறுபடி ஸ்கேன். "எல்லாம் நார்மல், ஒண்ணுமில்ல"ன்னு சொன்னாங்க. ஒருத்தர் "மனசுலதான் வலி, கோயில் குளம் போங்க"ன்னார். அப்பாவும் அதையே பிடிச்சுக்கிட்டார். வட்டியோட கடனைக் கட்டி முடிச்ச மாசம் அம்மா சொன்னது எனக்கு இன்னும் மறக்கலை. "கடன் தீர்ந்துருச்சு, வாங்கின காரணம் தீரலையே"ன்னாங்க.

அந்த வாக்கியம்தான் என்னை இந்தப் படிப்புக்கு அனுப்பிச்சது. அந்தப் படிப்புக்கும் இதே கூட்டமைப்புதான் கடன் கொடுத்தது. ஆகவே இன்னைக்கு நான் பேசறது உங்களுக்குக் கட்ட வேண்டிய வட்டி.

எது நாள்பட்ட வலி?

தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு உள்ளே, ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்தோ விட்டுவிட்டோ வரும் வலியை நாள்பட்ட இடுப்புக்குழி வலி என்கிறார்கள். மாதவிலக்கு நாளில் மட்டும் வந்து போகிற வலி வேறு. இது மற்ற நாட்களிலும் இருக்கும். சிலருக்குச் சிறுநீர் கழிக்கும்போது வலிக்கும். சிலருக்கு மலம் கழிக்கும்போது. சிலருக்குக் கணவனோடு சேரும்போது வலிக்கும். அதை வெளியே சொல்லவே மாட்டோம். சிலருக்கு அரை மணி நேரம் உட்கார்ந்தாலே வலிக்கும். குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா சுவர் ஓரமா நின்னுக்கிட்டே இருப்பாங்களே, "உட்காருக்கா"ன்னா "இருக்கட்டும்"னு சொல்வாங்களே, அவங்களை ஒரு தடவை தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க.

காரணங்கள் பல. கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு போன்ற திசு வெளியே சூலகத்திலும் குடல் மேலும் வளர்வது ஒன்று. இதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கர்ப்பப்பை, கருக்குழாயில் கிருமித் தொற்று வந்து ஆறிய தழும்பு இன்னொன்று. சிசேரியனுக்கோ வேறு ஆபரேஷனுக்கோ பிறகு உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, சிறுநீர்ப்பை எரிச்சல், குடல் கோளாறு, இடுப்பின் அடித்தளத் தசைகள் இறுகிப்போவது, நரம்பு நசுங்குவது என்று பட்டியல் நீளும். ஒருவருக்கே இரண்டு மூன்று காரணம் சேர்ந்தும் இருக்கும். இவற்றில் பல கர்ப்பப்பைக்குச் சம்பந்தமே இல்லாதவை. அதை எடுத்தாலும் அவை அங்கேயேதான் இருக்கும்.

காரணம் போன பிறகும் வலி ஏன்?

திருடன் வந்த வீட்டு நாயைப் பார்த்திருப்பீங்க. திருடன் வந்த ராத்திரி அது குரைச்சது நியாயம். நம்மைக் காப்பாத்திச்சு. ஆனா அதுக்கப்புறம் தென்னமட்டை விழுந்தாலும் குரைக்கும், பூனை நடந்தாலும் குரைக்கும். திருடன் போய் ஒரு வருஷம் ஆனாலும் அது தூங்காது. நாய் பொய் சொல்லலை. அதுக்கு நிஜமாவே பயம்.

நம் நரம்பும் அப்படித்தான். மாதக்கணக்கில் வலிச் செய்தியையே சுமந்த நரம்பும் தண்டுவடமும் மூளையும் மிகக் கூர்மையாகிவிடுகின்றன. முன்பு சாதாரணமாக இருந்த தொடுதல், சிறுநீர்ப்பை நிரம்புவது, குடல் அசைவது கூட வலியாகத் தெரிகிறது. இது ஸ்கேனில் வராது. ஸ்கேன் உறுப்பின் உருவத்தைக் காட்டும், நரம்பின் பயத்தைக் காட்டாது. ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்றால் "வலி பொய்" என்று அர்த்தமில்லை. இந்த ஒரு வரியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் எனக்குப் போதும்.

கரண்ட் வைப்பது என்றால் என்ன?

சரி, குரைக்கிற நாயை எப்படி அமைதிப்படுத்தறது? மருந்து ஒரு வழி, உடற்பயிற்சி ஒரு வழி. மூணாவது வழியைத்தான் நாம "கரண்ட் வைக்கிறது"ன்னு சொல்றோம். மூட்டுவலிக்கு, முதுகுவலிக்கு வச்சிருப்பீங்க. அடிவயிற்று வலிக்கும் அது உண்டுங்கறது நம்மில் பலருக்குத் தெரியாது.

இது புது யோசனை இல்லை. சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ரோம் நாட்டு வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்பவர், மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை வலிக்கிற இடத்தில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். ஏன் வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியாது. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு அறிஞர்கள் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு இருக்கிறது என்பதே அது.

நம்ம ஊர் டவுன் பஸ்ஸை நினைச்சுக்குங்க. தொடு உணர்ச்சியைச் சுமக்கிற நரம்பு தடித்தது, வேகமாகப் போகும். நாள்பட்ட வலியைச் சுமக்கிற நரம்பு மெல்லியது, மெதுவாகப் போகும். தொடு உணர்ச்சி முந்திக்கொண்டு வாசலை அடைத்துக்கொண்டால், வலிக்கு ஏற இடம் குறையும். குழந்தை விழுந்து முட்டியில் அடிபட்டால் நாம என்ன செய்யறோம்? பரபரன்னு தேய்ச்சு விடறோம். அழுகை குறையுது. எந்தக் காலேஜிலும் படிக்காம நம்ம பாட்டிமார் கதவை அடைச்சிருக்காங்க. அந்தத் தேய்ப்பைத்தான் மெஷின் விடாமல், ஒரே சீராகச் செய்கிறது. சில வகைத் துடிப்புகளில் உடம்பே தனக்குள் வலி குறைக்கும் பொருளைச் சுரக்கவும் செய்கிறது.

மூன்று வகை

முதல் வகை, தோலின் மேல் ஒட்டும் பட்டை. டென்ஸ் என்று பெயர். பாட்டரியில் ஓடும் சின்ன மெஷின். பட்டையை அடிவயிற்றிலோ கீழ்முதுகிலோ ஒட்டி இருபது முப்பது நிமிடம் வைப்பார்கள். எறும்பு ஊர்வது போலச் சுறுசுறுவென்று இருக்கும். தாங்க முடியாத அளவுக்குக் கூட்டக்கூடாது. மாதவிலக்கு வலியை இது குறைக்கும் என்பதற்கு ஆய்வுகள் ஓரளவு நன்றாகவே துணை நிற்கின்றன. நாள்பட்ட வலிக்கு ஆளுக்கு ஆள் பலன் மாறும்.

இரண்டாவது வகை கணுக்கால் வழியாக. வயிற்று வலிக்குக் காலிலா என்று சிரிப்பீங்க. நானும் சிரிச்சேன். உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒரு நரம்பு ஓடுகிறது. அது தண்டுவடத்தின் அடிப்பகுதியில் போய்ச் சேரும் இடமும், சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, இடுப்புத் தசைகளின் நரம்புகள் போய்ச் சேரும் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருந்து இரண்டு தெருவுக்கு லைன் போகிற மாதிரி. கணுக்காலுக்கு மேலே மூன்று விரல்கட்டை அளவில் மெல்லிய ஊசி வைத்தோ, ஊசி இல்லாமல் பட்டை ஒட்டியோ கொடுப்பார்கள். ஊசி முறையில் வழக்கமாக வாரம் ஒரு முறை, முப்பது நிமிடம், பன்னிரண்டு வாரம். சிறுநீர் அடக்க முடியாத தொல்லைக்குத்தான் இது முதலில் பரவலானது. அடிவயிற்று வலிக்கும் பலருக்கு வலி குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரிய ஆய்வுகள் இன்னும் வேண்டும். இதை மறைக்காமல் சொல்வது என் கடமை.

மூன்றாவது வகை ஆபரேஷன். வால் எலும்புக்கு மேலே உள்ள முக்கோண எலும்பின் துளை வழியாக மெல்லிய கம்பியை நரம்பருகே வைத்து, புட்டத்தின் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்துவார்கள். முதலில் சில நாள் சோதனையாக வைத்துப் பார்ப்பார்கள். பாதிக்குப் பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பார்கள். அமெரிக்காவில் 1997இல் இதற்கு அனுமதி கொடுத்தது சிறுநீர் அடக்க முடியாமைக்காகத்தான், வலிக்காக அல்ல. செலவு பல லட்சம். கம்பி நகரலாம், தொற்று வரலாம், மறு ஆபரேஷனும் தேவைப்படலாம். எல்லா வழியும் பார்த்து முடிந்த பிறகு, பெரிய மருத்துவமனையில், சிலருக்கு மட்டுமே. இதற்காக யாராவது நிலத்தை அடமானம் வைக்கச் சொன்னால், முதலில் கூட்டமைப்பில் வந்து சொல்லுங்கள்.

அம்மாவுக்கு என்ன ஆச்சு?

நான் மூணாவது வருஷம் படிக்கும்போது எங்க மேடம் ஒருத்தர்கிட்ட அம்மா கதையைச் சொன்னேன். அவங்க உடனே கரண்ட் வைக்கலை. "முதல்ல என்ன காரணம்னு தெரியணும்"னு அரசு மருத்துவமனையில் பெண் டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. அவங்க அம்மாவை அரை மணி நேரம் பேச விட்டாங்க. அத்தனை வருஷத்துல அம்மாவை அரை மணி நேரம் பேச விட்ட முதல் ஆள் அவங்கதான். கட்டி இல்லை, தொற்று இல்லை. தழும்பு இழுக்குது, இடுப்பின் அடித்தளத் தசை எப்பவும் இறுகியே இருக்கு, நரம்பு கூர்மையாகிடுச்சு. இதுதான் அவங்க சொன்னது.

அம்மா வெளியே வந்து அழுதாங்க. வலி போயிடுச்சுன்னு இல்லை. "அப்போ நான் பொய் சொல்லலைல்ல"ன்னு கேட்டாங்க.

அப்புறம் தசையைத் தளர்த்தற மூச்சுப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், மலச்சிக்கல் வராத சாப்பாடு. கூடவே கணுக்காலில் பட்டை ஒட்டி வாரத்துக்கு மூணு நாள், முப்பது நிமிஷம் கரண்ட். முதல் மூணு வாரம் ஒண்ணும் தெரியலை. "இதுவும் தண்டம்தான்"னு அம்மா சொன்னாங்க. ஐந்தாவது வாரம் ராத்திரி எழாம தூங்கினாங்க. பன்னிரண்டு வாரத்துல, பத்துக்கு எட்டு இருந்த வலி நாலுக்கு வந்துச்சு. சைபர் ஆகலை. இன்னைக்கும் ஆகலை. ஆனா நாலு இருந்தா அம்மா வயலுக்குப் போவாங்க. நாலு இருந்தா பஸ் ஏறி இந்த விழாவுக்கு வருவாங்க. மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. நிக்கலை, உட்கார்ந்திருக்காங்க.

கரண்ட் மட்டும்தான் குறைச்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். எல்லாம் சேர்ந்து குறைச்சது.

நாம் என்ன செய்யலாம்?

நாம பதிவேடு எழுதுற பெண்கள். சேமிப்புக்கு ஒரு நோட்டு, கடனுக்கு ஒரு நோட்டு, தீர்மானத்துக்கு ஒரு நோட்டு வச்சிருக்கோம். வலிக்கும் ஒரு நோட்டு போடுங்க. தேதி, மாதவிலக்கின் எத்தனையாவது நாள், வலி எங்கே, பத்துக்கு எத்தனை, எது செய்தால் கூடுது, எது செய்தால் குறையுது. இரண்டு மாதம் எழுதி டாக்டரிடம் நீட்டினால், "வயிறு வலிக்குது டாக்டர்" என்று சொல்வதைவிட அது பத்து மடங்கு பேசும்.

அடுத்தது, கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு என்று ஒரு உறுப்பினர் கடன் கேட்டால், கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய், அடங்காத ரத்தப்போக்கு, பெரிய கட்டி என்றால் அந்த ஆபரேஷன் உயிரைக் காக்கும், தாமதிக்கவே கூடாது. ஆனால் வலி ஒன்றே காரணம் என்றால், கையெழுத்துக்கு முன் நான்கு கேள்வி கேட்க அந்த உறுப்பினருக்கு உதவுங்கள். வலிக்குக் காரணம் என்ன என்று கண்டுபிடித்தார்களா? மருந்தும் இயன்முறை சிகிச்சையும் முயன்று பார்த்தாயிற்றா? சூலகத்தையும் சேர்த்து எடுக்கிறார்களா? வேறொரு டாக்டரிடம் கேட்டாயிற்றா? சூலகத்தையும் இளம் வயதில் எடுத்துவிட்டால் எலும்பு சீக்கிரம் தேயும். அதுவும் ஒரு கடன்தான். உடம்பு கட்டும்.

மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் பலர், வேலை கெடக்கூடாது என்று இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட கதை 2019இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, நம் உரிமை.

எங்கே போவது? முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவு. பெரிய அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இயன்முறை சிகிச்சையாளர்கள் உண்டு. உங்கள் ஊர் சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்கள். செல்போனில் விளம்பரம் பார்த்து மெஷினையும் காந்த பெல்ட்டையும் வாங்கி விடாதீர்கள். டென்ஸ் மெஷின் சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் எங்கே ஒட்டுவது, எவ்வளவு வைப்பது என்று தெரிந்தவர் ஒருமுறை கற்றுக்கொடுத்த பிறகுதான் வாங்க வேண்டும்.

கரண்ட் வைக்கக் கூடாதவர்கள்: இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள். கர்ப்பிணிகள், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள். புற்றுநோய் உள்ள இடத்தின் மேல் வைக்கக் கூடாது. புண், வெடிப்பு உள்ள தோலில் வைக்கக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வைக்கக் கூடாது.

வலி நோட்டு எழுதிக்கொண்டு காத்திருக்காமல் உடனே ஓட வேண்டிய நேரமும் உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால், காய்ச்சலோடு நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல் இருந்தால், சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம் வந்தால், காரணமில்லாமல் உடம்பு இளைத்தால், நாள் தள்ளிப்போன நிலையில் திடீரென்று கடும் வலி வந்தால், அன்றைக்கே மருத்துவமனை.

அக்காக்கள் கேட்டவை

பேச்சு முடிந்ததும் ஒரு அக்கா எழுந்து, "ஷாக் அடிக்காதா?" என்று கேட்டார். அடிக்காது. ரேடியோவுக்குப் போடுவது போலச் சின்ன பாட்டரிதான். பட்டை சரியாக ஒட்டாமல் ஓரம் தூக்கியிருந்தால் சுருக்கென்று குத்தும், அவ்வளவே. ஆனால் மெஷின் ஓடும்போது பட்டையைப் பிய்க்கக் கூடாது. நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும்.

"எனக்குச் சுகர், பாதம் மரத்துப்போய்க் கிடக்கு. கணுக்கால்ல வைக்கலாமா?" என்று இன்னொருவர். நல்ல கேள்வி. உணர்ச்சி இல்லாத தோலில் அளவு தெரியாமல் கூட்டிவிட்டால் தோல் புண்ணாகும். முதலில் பாதத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசியில் பின்வரிசையில் இருந்து ஒரு தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்: "வீட்டுக்காரர் நடிக்கிறேன்னு சொல்றார். என்ன சொல்லிப் புரிய வைக்க?"

அதுக்கு நான் பதில் சொல்றதுக்குள்ள எங்க அம்மா எழுந்துட்டாங்க. "அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போகும்போது அவரையும் கூட்டிட்டுப் போம்மா. டாக்டர் வாயால கேட்கட்டும். அவர் வரலைன்னா, நான் வர்றேன்"னாங்க.

அன்னைக்கு அந்தக் கூட்டத்துல ஏழு பேர் பேர் கொடுத்தாங்க. வலி இருக்குன்னு முதல் தடவையா வாய் திறந்து சொன்னவங்க. மாதம் ஒரு நாள், இரண்டு இரண்டு பேராகத் துணை சேர்த்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது என்று அங்கேயே தீர்மானம் போட்டு, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியாச்சு. எட்டாவது பேரு உங்களோடதா இருந்தா, உங்க ஊக்குநர்கிட்டச் சொல்லுங்க. தனியாப் போக வேண்டியதில்லை.